தட்டினால் எறியுங்கள்

சேக்காடு, ஆவடி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ராதிகா,

உன் எண்ணுக்கு அழைத்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதாக மாடி வீட்டுப் பிரசன்னா சொன்னான். அதனால்தான் கடிதம். பூந்தமல்லியில் பஸ் மாறினால் திருமழிசைக்கு வந்து சேர்ந்துவிடலாம், எனக்குத் தெரியாதா? ஆனால் நான் வந்து நின்று நீ கதவைத் திறக்காவிட்டால் எனக்குத் தாங்காது. கடிதத்தை நீ பிரிக்காவிட்டால் அது எனக்குத் தெரியப் போவதில்லை.

கேரளத்தில் படகுப் போட்டி முடிந்து ரயிலில் திரும்பும்போது நீ வேறு பெட்டிக்குப் போய்விட்டாய். உன் தலைக்கவசம் என் பையில் வந்துவிட்டது. பன்னீர் சோடா பாட்டிலும் வந்திருக்கிறது. படகிலிருந்து வெளியே வந்து நீந்திக் கரையேறினவர்கள் தங்கள் நனைந்த ஷூவில் சோடா ஊற்றிக் குடிக்க வேண்டும் என்று ஜஸ்டின் தன் படகு கிளப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறானே, அதற்காக வாங்கியது. உடைக்கவே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

நடந்ததை உனக்கே சொல்வது அசட்டுத்தனம்தான். ஆனால் நீ தண்ணீருக்குள் இருந்தாய், நான் கரையில் இருந்தேன். இரண்டு பேரும் பார்த்தது ஒன்றல்ல. என் கண்ணுக்குத் தெரிந்ததை ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

போட்டி நடந்த அந்த ஆற்றுக் குழி எப்படி இருக்கும் என்று எதிர் வீட்டு அஞ்சலை கேட்டாள். குழாய்க்கு அடியில் பக்கெட்டை வைத்து, சோப்பு டப்பாவை மிதக்கவிட்டுக் காட்டினேன். டப்பா வெளியே போகாமல், தண்ணீர் விழும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சுழன்றது. "அதுக்குள்ள கயாக்கு படக வுட்டுகினு நம்ம ராதிகா குட்டிக்கரணம் போடுதா? இன்னாத்துக்கு?" என்றாள். ஒவ்வொருவருக்கும் முக்கால் நிமிடம், அதற்குள் எத்தனை சுழற்சி, எத்தனை கரணம் என்று பாறைமேல் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள் என்றேன். "பரிச்சையா? அப்ப சர்தான், டீச்சரு போனது நாயந்தான்" என்றாள்.

நீ முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் இருந்தாய். இரண்டாவதில் கரணம் முழுசாக வந்தது. படகின் மூக்கு தண்ணீரில் குத்தி, வால் உன் தலைக்கு மேலே ஏறி, முன்பக்கம் ஒரு முழுச் சுற்று. நான் கை தட்டினேன், கையில் கயிற்றுப் பை இருந்ததையும் மறந்து. அடுத்ததற்குப் போகும்போது கவிழ்ந்தாய். படகின் அடி மட்டும் வெளியே தெரிந்தது.

கவிழ்ந்தால் நீயே துடுப்பைத் தண்ணீரில் அழுத்தி நிமிர்ந்துவிடுவாய். முடியாவிட்டால் கையை நீட்டிப் படகின் அடியில் தட்டுவாய். தட்டினால் நான் கயிற்றை எறிய வேண்டும். தட்டாமல் எறிந்து, கயிறு தண்ணீரில் விழுந்தால் அந்தச் சுற்று கணக்கில் வராது. இதைத்தானே நம் மொட்டைமாடியில் மாதக் கணக்கில் பழகினோம்? நீ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாற்காலிக் கையைத் தட்டுவாய், நான் எறிவேன். "இன்னா டீச்சரு, மாடு கீடு ஓடிப்பூச்சா, கயித்த வீசிகினு கீறீங்க" என்று அஞ்சலை கீழேயிருந்து கேட்பாள். உன் அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தது அந்த மாடியில்தான்.

நீ தட்டவில்லை. நான் எறிந்துவிட்டேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் விழித்துக்கொண்டு நின்றால் நான் விடையைச் சொன்னதே இல்லை. பின் பெஞ்சு சிரிக்கும், மணிகூட அடித்துவிடும், நான் நிற்பேன். பாதிப் பேருக்கு அந்த நிற்கிற நேரத்தில்தான் விடை வரும். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கரையில் என்ன வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லோர் முன்னாலும் நீ சொன்னதை இங்கே எழுதவில்லை.

சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
அண்ணி சுதா


திருமழிசை
19 ஆகஸ்ட் 2024

அண்ணி,

கடிதம் வந்தது. பிரித்தேன். வாட்ஸாப்பில் பதில் போட்டால் நீங்கள் உடனே அழைப்பீர்கள், அதனால் இது.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். "பொறுக்க வேண்டிய எடத்துல பொறுக்க மாட்டீங்க. பொறுக்கக் கூடாத எடத்துல பொறுத்துப் பொறுத்துத்தான் எங்க அண்ணனை சாகடிச்சீங்க." இதுதான் சொன்னேன். கோபத்தில் வாய் தவறி வந்தது என்று நீங்கள் யாரிடமாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால் வேண்டாம். ஏழெட்டு மாதமாகத் தொண்டையில் இருந்தது.

நீங்கள் கரையில் பார்த்ததை எழுதினீர்கள். நான் உள்ளே பார்த்ததைக் கேளுங்கள். பயமே இல்லை. துடுப்பைச் சரியான கோணத்தில் வைத்துவிட்டேன். இடுப்பைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே சிவப்புக் கயிறு வருகிறது. பாம்பு என்றுகூட நினைத்தேன். நிமிர்ந்து வெளியே வந்தால் விசில் ஊதியாகிவிட்டது. பாறைமேல் இருந்தவர் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டுகிறார். என் கரணம் போய்விட்டது.

பருத்திப்பட்டு ஏரியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று வருஷம் கவிழ்ந்து நிமிர்ந்தேன். மூக்கில் பாசி நாற்றம் போகவே போகாது. கம்பெனியில் லீவு கேட்டால் "ஏரில போட்டிங் போறதுக்கு மெடிக்கல் லீவாம்மா" என்பார்கள். எல்லாம் அந்த ஒரு முக்கால் நிமிடத்துக்குத்தான். எனக்கு முப்பத்தொன்பது வயது. அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் என்னை ஆன்ட்டி என்றார்கள்.

இனி என் கயிற்றை நீங்கள் பிடிக்க வேண்டாம்.

தலைக்கவசத்தைக் கூரியரில் அனுப்புங்கள். சோடாவை நீங்களே குடித்துவிடுங்கள்.

ராதிகா


சேக்காடு
20 அக்டோபர் 2024

அன்புள்ள ராதிகா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. நீ எழுதிய அந்த இரண்டு வாக்கியங்களையும் திருத்த முயன்றேன். திருத்துவதுதானே என் தொழிலாக இருந்தது? இங்கே ஒரு சொல் மிகை, அங்கே ஒரு சொல் அநியாயம் என்று சிவப்பு மை போடப் பார்த்தேன். ஒரு சொல்லையும் அடிக்க முடியவில்லை.

உன் அண்ணன் போன அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. திருமழிசையிலிருந்து நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, வழியெல்லாம் தண்ணீர். இப்போது சொல்கிறேன்.

மத்தியானம் நெஞ்சைக் கரிக்கிறது என்றார். மழைக்கு நான்தான் பஜ்ஜி போட்டிருந்தேன். வாயு என்று அவரே சொன்னார். ஓம வாட்டர் கொடுத்தேன். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்றேன். "நாலு பேரு என்ன தூக்கிகினு போறத தெருவே நின்னு பாக்கணுமா? மழ உடட்டும் சுதா, நானே நடந்து வரேன்" என்றார். உன் அண்ணனின் ரோஷம் உனக்குத் தெரியும். நானும், சரி விடட்டும் என்றேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலி அதிகமானால் சொல்வார், சொன்னால் உடனே எழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். கரும்பலகை முன் நின்ற பிள்ளையைப் பார்த்த மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ராதிகா.

மழை கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. ஜன்னலைப் பார்த்து, "விட்டுடுச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவ்வளவுதான் நடந்தது.

டிசம்பரில் முதல் வருஷத் திதி. திருமழிசையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அத்தை. நான் வருவேன். தலைக்கவசத்தைக் கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை, அப்போது கையில் கொடுக்கிறேன். நீ இருப்பாயா?

அன்புடன்,
அண்ணி


திருமழிசை
22 டிசம்பர் 2024

அண்ணி,

திதியன்று எனக்கு அவசர ஷிப்ட் என்று அம்மா உங்களிடம் சொன்னார்களாம். ஷிப்ட் இல்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் நான்கு டீ கொடுத்துவிட்டு, "யாரனா வரணுமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். ஆவடி பஸ்ஸுக்கு நின்றீர்கள். கையில் பை. அதில் தலைக்கவசத்தின் உருண்டை துணிக்கு வெளியே தெரிந்தது. கொடுக்க வந்ததைத் திரும்ப எடுத்துப் போகிறீர்கள். அம்மாவிடம் கொடுத்திருக்கலாமே அண்ணி. கூப்பிடலாம் என்று எழுந்தேன். நீங்கள் யாருக்கோ வழிவிட்டு, பிறகு இன்னொருவருக்கு வழிவிட்டு, கடைசியாகப் படியில் ஏறினீர்கள். பஸ் போய்விட்டது.

வீட்டுக்குப் போனால் அம்மா பிடித்துக்கொண்டார்கள். "அண்ணிகாரி எலையில சோத்த வச்சிகினு வாசலையே பாத்துகினு குந்தினு இருந்தா. எம் புள்ள பூட்டான், அவ இன்னாடி பண்ணுவா? உனுக்கு மட்டும் எதுக்கு இவ்ளோ ரோசம்?" என்றார்கள்.

உங்கள் அக்டோபர் கடிதத்தைப் படித்தேன். பல முறை. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்த பிறகு எழுதுகிறேன்.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். வருகிற ஜூலையில் மறுபடியும் போகிறேன். கயிறு பிடிக்க ஜஸ்டின் கிளப்பிலிருந்து தங்கராஜ் அண்ணன் வருகிறார். அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், நான் தட்டாமல் கயிறு பையை விட்டு வெளியே வரக் கூடாது. "நீ சொல்ற மாரியே செஞ்சிடறேன் தங்கச்சி" என்றார். அவர் சொன்னால் செய்வார்.

ராதிகா


சேக்காடு
6 ஜூலை 2025

அன்புள்ள ராதிகா,

தலைக்கவசத்தை இத்துடன் அனுப்புகிறேன். உள்ளே இருந்த பஞ்சு உதிர்ந்துபோயிருந்தது, புதுசு தைத்து வைத்திருக்கிறேன். ஈரத் தலையோடு ரயிலில் உட்காராதே.

உனக்கு யோசனை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஒரே ஒரு விஷயம். ஒரு வருஷமாக யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இது மட்டும்தான்.

வகுப்பில் எப்போதும் கை தூக்குகிற பிள்ளைகள் உண்டு. வயிற்று வலி என்றால் உடனே எழுந்து சொல்லிவிடும். இன்னொரு வகை உண்டு. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், என்னம்மா என்றால் ஒன்றுமில்லை டீச்சர் என்னும். நெற்றியைத் தொட்டால் காய்ச்சல் சுடும். இந்த இரண்டாவது வகைக்குத் தட்டத் தோன்றாது. நீ நிமிர்ந்துவிடுவாய் என்று அன்று எனக்குத் தெரியாமல் இல்லை. தட்டுவாய், தட்டுவாய் என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணனும் தட்டவில்லை.

தங்கராஜிடம் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். உன் படகைப் பார்க்காமல் உன் துடுப்பைப் பார்க்கச் சொல். துடுப்பு அசைகிற வரை பயமில்லை.

நன்றாகச் செய்துவிட்டு வா.

அண்ணி


திருமழிசை
17 ஆகஸ்ட் 2025

அண்ணி,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை.

உங்கள் கடிதம் தலைக்கவசத்துக்குள்ளேயே இருந்தது. போட்டிக்கு முந்தின நாள்தான் பார்த்தேன். படித்தேன். தங்கராஜ் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் குழம்புவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷம் மழை அதிகம். குழி ஆழமாக இருந்தது. முதல் சுற்றில் ஒரு கரணம் வந்தது. இரண்டாவதில் மூக்கு உள்ளே போனது, வால் வரவில்லை. கவிழ்ந்தபோது வலது தோள் கழன்றுவிட்டது. தண்ணீருக்குள் ஒரு சத்தம் கேட்டது, என் எலும்பு என்று தெரியவில்லை.

ஒரே கையால் நிமிரப் பார்த்தேன். முடியவில்லை. மறுபடி பார்த்தேன். குழி விடவில்லை, நீங்கள் அஞ்சலைக்குக் காட்டின சோப்பு டப்பா மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தேன். இடது கை துடுப்பை விடவில்லை. விட்டிருந்தால் தட்டியிருக்கலாம். ஏன் விடவில்லை என்று கேட்காதீர்கள். தட்டத் தோன்றவே இல்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்றுதான் இருந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?

கடைசியில் எப்படியோ, என்னைப் படகோடு இறுக்கியிருந்த இடுப்புத் துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்போதுதான் கயிறு வந்தது.

தங்கராஜ் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதார். "நீ தட்டலியே தங்கச்சி, தட்டலியே" என்று அதையே சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்தார். பொறுத்தார்.

கரையில் பொறுத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு நீளம் என்று அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

தோளை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆனால் தசைநார் கிழிந்திருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்குகிற வேலை, இனி இந்த மாதிரி விளையாட்டு, எதுவும் கூடாது என்கிறார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

படகை என்ன செய்வது என்று ஜஸ்டின் கேட்கிறான். ஏரிக்கரைக் கொட்டகையில்தான் கிடக்கிறது. விற்றுவிடச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ராதிகா


சேக்காடு
7 செப்டம்பர் 2025

அன்புள்ள ராதிகா,

உன் கடிதம் வந்த அன்றே பஸ் ஏறினேன். பூந்தமல்லி வரை வந்துவிட்டு அந்த டீக்கடைக்கு எதிரே இறங்கினேன். நீ உட்கார்ந்திருந்த இடம் எது என்று பார்த்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடிபட்டுக் கிடக்கிறவளிடம் போய் நிற்பது, நான் சொன்னேனே என்று சொல்வதைப் போல ஆகிவிடும் என்று தோன்றியது. வந்திருக்க வேண்டும். இது நான் தவறவிட்ட இன்னொரு பஸ்.

என் ஜூலைக் கடிதத்தை நான் எழுதியிருக்கவே கூடாதோ என்று நினைக்கிறேன். எழுதியும் பயன் இல்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

படகை விற்காதே. காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. போன வாரம் ஜஸ்டினைப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயதில் ஒருத்தி உட்காரலாமா என்று கேட்டேன். "ஏரில உக்கார வயசு இன்னா டீச்சர்? லைஃப் ஜாக்கெட் போட்டுக்குங்க, கரையோரமா போங்க. அந்தப் படகு குட்டையா கீது, நேரா போகாது, சுத்தும். பரவால்லையா?" என்றான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் எங்கே நேராகப் போகப் போகிறேன்?

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலையில் பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிறேன். எனக்குக் கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இடது கையால் எறிந்தாலும் போதும். எப்போது எறிய வேண்டும் என்று நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

அண்ணி


திருமழிசை
6 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். இனி அழைத்தால் மணி அடிக்கும். ஆனால் நேற்று நடந்ததைப் பற்றி நேற்றும் பேச முடியவில்லை, போனிலும் பேச முடியாது. அதனால் இது.

கரையில் நின்றபோது, போன வருஷம் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று பார்க்க நினைத்தேன். நீங்கள் சொன்ன மாதிரி துடுப்பையே பார்த்தேன். நீங்கள் அதை முறம் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தீர்கள். படகு உங்களை வைத்து ஒரு சுற்று சுற்றியது. நீங்கள் பயப்படவில்லை. ஜஸ்டினிடம், வகுப்பில் பூமி சுழற்சியை இப்படி ஒரு தடவை காட்டியிருக்கலாம் என்றுகூடச் சொன்னீர்கள்.

அப்புறம் காற்று அடித்தது. படகு கொஞ்சம் சாய்ந்தது. உங்கள் துடுப்பு நின்றது.

நீங்கள் தட்டவில்லை. கூப்பிடவில்லை. கவிழவே இல்லை அண்ணி. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் கயிறு என் கையில் இல்லை. உங்கள் மடியில் கிடந்தது.

"இன்னாக்கா, அவங்க இன்னும் கவுரவே இல்ல, அதுக்குள்ள வீசிட்ட?" என்று ஜஸ்டின் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். நான் இழுத்தேன். இடது கையால் இழுக்க வெகுநேரம் ஆனது. நீங்கள் துடுப்புப் போட்டிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். போடவில்லை.

போன வருஷம் கரையில் நான் சொன்னதை அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவர்களை எல்லாம் தேடிப் பிடித்து, அது அப்படி இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஆற்றுக்கும் நான் இனிப் போகப் போவதில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அது அப்படி இல்லை அண்ணி.

வருகிற ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன். ஃபிரிட்ஜில் அந்த சோடா இன்னும் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கெட்டுப்போயிருக்கும். பரவாயில்லை. ஷூ கொண்டுவருகிறேன்.

ராதிகா